ரோலில் மிச்சமிருந்த மூன்று படம்

“அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. என் போனில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. அப்பாவைத் தேடினால் கல்யாண மண்டபங்களில் விறைத்து நிற்கும் அப்பாதான் கிடைக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்த அப்பா ஒரு படத்திலும் இல்லை. அம்மாவுக்கு 74 வயது. திருவையாற்றுப் பக்கம் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை போய் வருகிறேன். அம்மா விஷயத்திலும் இப்படி ஆகிவிடக் கூடாது. எந்த போன் வாங்கலாம்? எப்படி எடுத்து, எப்படிப் பத்திரப்படுத்துவது?” இதுதான் நீங்கள் கேட்டது.

போன் வாங்க வேண்டாம். ஆறேழு வருடத்துக்குள் வந்த எந்த போனும் ஒரு வீட்டின் நினைவைப் பிடித்துவைக்கத் தேவையானதற்கு மேலாகவே படம் எடுக்கும். அந்தப் பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அப்பாவின் போன் எங்கே? பீரோவில் அணைந்து கிடக்கிறதென்றால் எடுத்துச் சார்ஜ் போடுங்கள். அதிலிருக்கும் படங்களையெல்லாம் கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டால், கணக்கையும் அதற்குள் இருக்கும் படங்களையும் அந்த நிறுவனம் அழித்துவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்குப் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அவருடைய சிம்முக்கும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். எண் போய்விட்டால் கணக்குக்குள் நுழைய வேண்டிய ஓடிபியும் வேறு யாருக்கோ போகும். அப்பா எடுத்த படங்களில் அப்பா இருக்க மாட்டார்தான். ஆனால் பூச்சி விழுந்த நெல் இலை, பழுதான மோட்டாரின் எண் தகடு, மின் கட்டண ரசீது, தூங்கும் பேத்தி என்று அவர் எதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இருக்கும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். “சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா” என்று பத்து நொடி பேசியிருந்தாலும் போதும்.

இனி உங்கள் கேள்வி. நான் இருபத்திரண்டு வருடம் கும்பகோணத்தில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தவன். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு ஸ்டுடியோவின் டார்க் ரூமில், ஊட்டித் தொழிற்சாலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம். கவனமாக மாட்டத் தெரிந்தவர்களுக்கு 37, 38 கூட வரும். ஒரு காதுகுத்துக்கோ வளைகாப்புக்கோ ரோல் போடுவார்கள். விசேஷம் 33இல் முடிந்துவிடும். மிச்சம் மூன்று. தீராத ரோலைக் கழுவக் கொடுத்தால் காசு வீண் என்று, வீட்டுக்குப் போய்க் கண்ணில் பட்டதை எடுத்துத் தீர்ப்பார்கள். தொழுவத்து மாடு, சைக்கிளைத் துடைக்கும் மாமா, வாய் திறந்து திண்ணையில் தூங்கும் தாத்தா, அடுப்புப் புகைக்குள் பாதி தெரியும் பாட்டி. பிரிண்ட் போடும்போது “கடைசி மூன்றும் வேண்டாம், சும்மா எடுத்தது” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

இப்போது வீட்டிலிருந்தபடி பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். கொண்டுவருகிறவர்கள் பெரிதாகப் போடச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றைத்தான். மணமேடைப் படம் எல்லார் வீட்டிலும் ஒரே அச்சாக இருக்கிறது: அதே மாலை, அதே வரிசை, அதே பிளாஷ் வெளிச்சம். சென்ற ஆண்டு ஒரு அம்மாள் 1991ஆம் ஆண்டு நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்தார். 35ஆவது படத்தில் அவருடைய பாட்டி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்குகிறார். எடுப்பவனைப் பார்த்து “போடா” என்று கையோங்குகிறார். கை அசைந்து மங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இதைப் பிரிண்ட் போட்டால் முதலாளி என்னைத் திட்டியிருப்பார். அந்த அம்மாள் பத்து நிமிடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “அந்தக் கல் இன்னும் கிடக்கிறது, அவளைத்தான் காணோம்” என்றார்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டிங் ஜாங் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் அன்றாட விஷயங்களைப் பதிவு செய்து வைத்தவர்களிடம், பிற்பாடு இதைப் பார்த்தால் எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, அவர்களே நினைத்ததைவிட ஆர்வம் கூடியிருந்தது. அதிலும் விசேஷ நாளைவிடச் சாதாரண நாளின் பதிவில்தான் கணிப்பு அதிகமாகத் தப்பியிருந்தது. லேப் கவுண்டரில் “கடைசி மூன்றும் வேண்டாம்” என்றவர்கள் செய்ததும் இந்தத் தப்புக் கணக்குதான்.

ஆகவே அம்மாவை ரோல் தீர்ப்பதுபோல எடுங்கள். எப்படி என்று ஒரு காட்சியை வைத்தே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை. அம்மா கொல்லைக் கதவோரம் முறத்தை வைத்துக்கொண்டு வாழைப்பூ ஆய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேலை அது, அவசரமாக முடியாது. மடலை விலக்கி, பூவைக் கொத்தாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கள்ளனை, அதாவது நடுவிலிருக்கும் வேகாத நரம்பைக் கிள்ளிப் போட்டு, நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போட அரைமணி நேரமாவது ஆகும். முதலில் உங்கள் போன் லென்ஸைத் துடையுங்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. போனில் எடுத்த படம் பனி மூடியதுபோல இருக்கிறதே என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் விரல் பிசுக்குதான். பழைய வேட்டித் துணி போதும்.

அடுத்து, வீட்டுக்குள் எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் போதாதே என்று பயப்பட வேண்டாம். கதவு வழியாக வருகிற வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்து முகத்தில் இறங்கும். ஸ்டுடியோவில் அந்த வெளிச்சத்தை உண்டாக்கத்தான் குடையும் வெள்ளைத் துணியுமாக அல்லாடினோம். விளக்கும் எரிந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள் என்று வண்ணம் கெடும். பிளாஷை நிரந்தரமாக அணைத்து வையுங்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் மூக்கும்தான் வரும். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் உடையது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கைப் பெரிதாக்கிக் காதை உள்ளே தள்ளும். இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு என்ற பொத்தானை அழுத்தி எடுங்கள். அம்மா அம்மாவைப் போலவே இருப்பார்.

இப்போது இரண்டு விஷயத்தில் போன் கம்பெனிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்று, முகத்தை அழகாக்கும் வசதி. பல போன்களில் வாங்கும்போதே அது வேலை செய்துகொண்டிருக்கும். கன்னத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் துடைத்துவிட்டு மெழுகுப் பொம்மையைத் தரும். நாங்களும் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தவர்கள்தான், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அது பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு. 74 வயது அம்மாவின் நெற்றிக் கோடுகளை யாருக்காக அழிக்க வேண்டும்? அமைப்புக்குள் போய் அதை நிறுத்துங்கள். படத்தின் மூலையில் போன் கம்பெனியின் பெயர் அச்சாவதையும் அப்படியே நிறுத்துங்கள்.

இரண்டாவது, பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறை. பார்க்க அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருடம் கழித்து எல்லோரும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது அந்தப் பின்னணியைத்தான். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர், கறுப்பு சுவிட்சு போர்டு, மாடத்து விளக்கு, ஊறுகாய் ஜாடி, கயிற்றில் காயும் துண்டு. லேபில் தேதி இல்லாத படங்களுக்கு நாங்கள் ஆண்டு கண்டுபிடித்ததே பின்னால் இருக்கும் காலண்டரையும் கூட நிற்கும் குழந்தையின் உயரத்தையும் வைத்துத்தான். அதை மங்கலாக்கினால் முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

வாழைப்பூவுக்கு வருவோம். “அம்மா, இங்கே பார்” என்று கூப்பிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் தலைப்பைச் சரிசெய்துகொள்வார், “இந்தக் கோலத்திலா எடுக்கிறாய்” என்பார். பேசிக்கொண்டே இருங்கள். பிறகு மறந்துவிடுவார். நிலைப்படியில் நின்று அறை முழுவதும் தெரிய ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மட்டும் ஒன்று. கள்ளனைக் கிள்ளும் விரல்கள் மட்டும் ஒன்று. கறை படிந்த கட்டைவிரலும் நகமும் தெரியட்டும். அவர் எழுந்து போன பிறகு முறமும், குவிந்த மடல்களும், அரிவாள்மனையும் தனியாக ஒன்று. இந்த நான்கும் போதும். நாற்பது எடுத்தால் நாற்பதையும் பிறகு பார்க்க மாட்டீர்கள்.

எடுத்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் இரண்டு மடல் உரியுங்கள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் பேர்பீல்டு பல்கலைக்கழகத்து லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள், சும்மா பார்த்துக்கொண்டு போனவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. விரலை மட்டும் எடுங்கள் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. விரலை எடுக்க வேண்டுமென்றால் விரலைப் பார்த்தாக வேண்டும்.

படத்தில் வராதது குரல். ஒரு எவர்சில்வர் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டு, “கள்ளனை எடுக்காவிட்டால் என்ன ஆகும்” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். கேமராவைப் பார்த்துத் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொன்னால் எந்த அம்மாவும் பேச மாட்டார். வாழைப்பூவைப் பற்றிக் கேட்டால் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

இப்படி மாதம் ஒரு வேலை. கோலம், காபி இறக்குவது, மாத்திரைப் பெட்டியில் மாத்திரை பிரிப்பது, மளிகைச் சீட்டு எழுதுவது (சீட்டையும் தனியாக எடுங்கள், கையெழுத்து அது), விளக்குக்குத் திரி போடுவது, வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசுவது. வீட்டையும் விடாதீர்கள். உங்கள் உயரத்தைக் குறித்த கதவு நிலை, அப்பாவின் நாற்காலி, பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்து வரும் வழி. அந்த வழியைப் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு படமாக எடுத்து வைத்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு நடந்து போகலாம்.

ஒரு படமாவது நீங்களும் அம்மாவும் சேர்ந்து இருக்கட்டும். படம் எடுப்பவர் எப்போதும் படத்துக்கு வெளியே போய்விடுகிறார். என் கல்யாணத்துக்குப் பிறகான இருபது வருட ஆல்பத்தில் நான் நான்கே இடத்தில்தான் இருக்கிறேன். அதில் ஒன்றில் நிழல் மட்டும்.

அம்மாவுக்குப் பிடிக்காத நேரத்தில் எடுக்காதீர்கள். பல்செட் கழற்றிய நேரம், உடம்பு முடியாமல் படுத்திருக்கும் நேரம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எடுத்தவற்றை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் கேளுங்கள். வீட்டுக்காக எடுத்த படத்தை ஊருக்குக் காட்டப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அவர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் வாழைப்பூ ஆய்வார்.

இனி எடுத்த பிறகு நடக்க வேண்டியது. என் கணக்கில் எடுப்பது கால் பங்கு வேலை, மிச்சம் முக்கால் பங்கு இதுதான்.

என்னிடம் வரும் பழைய படங்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நல்ல படம், நல்ல வெளிச்சம், ஆனால் நடுவில் நிற்கும் குழந்தை யார் என்று சொல்ல ஆள் இல்லை. தெரிந்த கடைசி ஆள் போன வருடம் போயிருப்பார். போன் படத்துக்கும் இதே கதிதான். நாளும் நேரமும் அதில் தானாகப் பதிந்துவிடும், இடமும் பதியும்படி வைக்கலாம். ஆனால் யார், என்ன செய்கிறார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதும்போது ஒரு கவனம். “பெரியப்பா, அத்தை, தாத்தா” என்று எழுதினால் யாருக்குப் பெரியப்பா? எழுதியவருக்கா, படிப்பவருக்கா? என்னிடம் ஒரு ஆல்பம் வந்தது. எல்லாப் படத்துக்கும் கீழே அழகான கையெழுத்தில் “சின்ன அத்தை, பெரிய அத்தை, மாமா” என்று இருந்தது. எழுதியவர் யார் என்று தெரியாததால் ஒருவரையும் அடையாளம் காண முடியவில்லை. ஆகவே பெயர், தலைப்பெழுத்து, ஊர், அதன் பிறகு உறவு. அதோடு படத்தில் தெரியாத ஏதாவது ஒன்றையும் ஒரு வரி எழுதுங்கள்: “வாழைப்பூ எதிர்வீட்டுத் தோட்டத்தது. அன்று மின்சாரம் இல்லை.” இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

எங்கே எழுதுவது? கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் விளக்கம் எழுத இடம் இருக்கிறது. ஆனால் அங்கே எழுதியது அவர்களுடைய பதிவேட்டில் இருக்குமே தவிர, படக் கோப்புக்குள் போவதில்லை. மொத்தமாகத் தரவிறக்கினால் தனிக் கோப்பாக வரும், படத்தோடு சேர்ந்து பயணிக்காது. நான் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறேன்: “2024-08-10 அம்மா வாழைப்பூ கொல்லைக்கதவு” என்று. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். தமிழிலேயே எழுதலாம், இப்போதைய கணினிகள் எல்லாம் ஏற்றுக்கொள்ளும்.

பதினோராயிரத்துக்கும் இப்படி எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. முயலவும் வேண்டாம். பழையதை அப்படியே ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். இந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். மாதக் கடைசி ஞாயிறு இரவு, தூங்கப் போகும் முன் அரைமணி நேரம். அந்த மாதப் படங்களில் இருபதை மட்டும் பொறுக்கி, பெயர் எழுதி, கணினியில் தனி போல்டரில் போடுங்கள். வருடத்துக்கு 240 படம். ஒரு ஆல்பம் தாங்கும். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வரும் காலை வணக்கப் பூக்களும் சாமி படங்களும் தானாகச் சேராதபடி அமைப்பில் நிறுத்திவிட்டால் பொறுக்கும் வேலை பாதியாகும்.

இனிப் பத்திரம். இதில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பேரனின் முதல் எட்டு மாதப் படங்கள் ஒரு மெமரி கார்டில் மட்டும் இருந்தன. ஒரு நாள் காலை போன் கார்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, பார்மட் செய்யலாமா என்று கேட்டது. மருமகள் அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டாள். ஊருக்கெல்லாம் நெகட்டிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்தவன் வீட்டில் நடந்தது இது. மிஞ்சியது வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பிய 41 படங்கள்.

அந்த 41ஐயும் பிரிண்ட் போட உட்கார்ந்தபோதுதான் அடுத்த பாடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் (பிக்சல்) சுருங்கும், எடுத்த நாள் நேரக் குறிப்பும் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் கைக்கு வந்த தேதியே தவிர எடுத்த தேதி இல்லை. 4x6 அங்குலப் பிரிண்டுக்கு 1200க்கு 1800 புள்ளி இருந்தால் நன்றாக வரும். 1600 அதற்கு ஓரளவு சமாளிக்கும். 8x12இல் பெரிதாக்கி மாட்ட வேண்டுமென்றால் நீளப் பக்கம் 3600 வேண்டும்; அங்கே கைவிட்டுவிடும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பும்போது ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள். அப்போது மூலப் படம் குறையாமல் போகும்.

கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது அஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். பல பேர் இரண்டு மூன்று வருடமாக நின்றுபோனதே தெரியாமல் இருக்கிறார்கள். இன்றைக்கே திறந்து பாருங்கள். இரண்டாவது, அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு அதுவும் இல்லை. அதனால் கிளவுடு ஒரு பிரதி, அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று பெங்களூரில் உங்களிடம், மற்றொன்று அம்மா வீட்டு பீரோவில் அல்லது உடன்பிறந்தவர் வீட்டில். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்பது புகைப்படக்காரர்களிடையே பழகிவந்த கணக்கு. வேறு ஊர் எதற்கு என்பதை 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் சொல்லிக் கொடுத்தது. அதன் பிறகு ஈர ஆல்பங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு என்னிடமே சிலர் வந்தார்கள். (அப்படி நனைந்தால் ஒட்டியபடியே காயவிடாதீர்கள். ஈரம் காயும் முன் சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் பிரித்து, படப் பக்கம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். காய்ந்து ஒட்டிவிட்டால் பிரிக்கும்போது முகம் உரிந்துவிடும்.) வருடத்துக்கு இரண்டு முறை டிஸ்க்கை மாட்டிச் சில படங்களைத் திறந்து பாருங்கள். பென்டிரைவை இதற்கு நம்ப வேண்டாம். எடுத்துப் போவதற்குத்தான் அது, எடுத்து வைப்பதற்கு இல்லை. கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு’ என்ற பகுதியில் உங்களுக்குப் பிறகு படங்கள் யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் குறிக்கலாம். அப்பாவின் போனோடு இந்த வாரம் நீங்கள் படப்போகும் பாடு உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் அங்கே போகும்போது நகல் எடுங்கள். சட்டத்திலிருந்து கழற்றி, வெயில் விழாத திண்ணையில் கறுப்புத் துணி விரித்துப் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். போன் சாய்ந்தால் படமும் சாயும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே எடுங்கள். எழுபது எண்பதுகளின் கலர்ப் படம் சிவப்பேறி இருந்தால் கவலை வேண்டாம். பெட்டிக்குள் இருட்டில் கிடந்தாலும் அந்தக் காலத்துத் தாளில் நீலச்சாயம் முதலில் மங்கும், அதனால்தான் சிவப்பு மிஞ்சுகிறது. கணினியில் பெருமளவு மீட்டுவிடலாம். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை ஒன்று இருந்தால் ஊரும் ஏறத்தாழக் காலமும் கிடைத்துவிடும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணிமப்படுத்தியிருக்கிறது. நீங்கள் சாதாரணமாக நினைக்கும் அட்டைப் படத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அப்பாவின் பெரிய படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருப்பீர்கள். மூலப் படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலை மாட்டுங்கள். விளக்குப் புகையும் மாலையின் ஈரமும் சட்டத்துக்குள் இறங்கிப் படத்தைத் தின்னும். எத்தனையோ பேரின் ஒரே படம் பூஜை அறையிலேயே போனதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிண்ட் அவசியம். வருடத்துக்கு 240 வேண்டாம், மாதம் பத்துப் போதும். 4x6 அளவில், கலர் லேப் தாளில், மேட் பினிஷில் போடச் சொல்லுங்கள். பளபளப்பான தாள் நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியோடும் பக்கத்துப் படத்தோடும் ஒட்டிக்கொள்ளும். பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அந்தப் பசை சில வருடங்களில் மஞ்சளாகிப் படத்தை விடாது. ஒவ்வொன்றாகச் செருகும் உறை ஆல்பம் நல்லது. ஐபோனில் எடுத்திருந்தால் சில லேப் கணினிகள் அந்தக் கோப்பைத் திறக்காது. ஜேபெக்காக மாற்றிக் கொண்டுபோங்கள்.

அடுத்த மாதம் போகும்போது அந்தப் பத்தையும் அம்மா கையில் கொடுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார், “இது எப்போது எடுத்தாய்” என்பார், “தலை எப்படி நரைத்துவிட்டது” என்பார். பார்த்து முடித்ததும் பின்பக்கத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து நடுங்கினால் நடுங்கட்டும், பிழை இருந்தால் இருக்கட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். பேனாவை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள். சி.டி.யில் எழுதுவதற்கு விற்கும் மெல்லிய மார்க்கர் நல்லது; மை காய ஒரு நிமிடம் விட்டுப் பிறகு அடுக்குங்கள். வீட்டில் கிடக்கும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் படத்தின் முன்பக்கம் வரைக்கும் பள்ளமாகத் தெரியும்.